மிதக்க வேண்டாத வீடு

எங்கள் கடைக்கு முதன்முதலாக வந்த அன்று அவர் உட்காரவே இல்லை. வாசலில் நின்று ஷட்டரை அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்து பின்சுவரை விரலால் தட்டினார். "பின்னால வழி இல்லையா தாயி?" என்று கேட்டார். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி. இல்லை என்றேன். ஷட்டர் பாதியில் சிக்கி, உள்ளே தீயும் பிடித்தால் நீ எப்படி வெளியே வருவாய் என்றார். ஏழு வருஷமாக அந்தக் கடையில் உட்கார்ந்து டிடிபி வேலை பார்த்தவள் நான். அந்த நிமிஷம்வரை அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை. அவர் போன பிறகு ஒரு வாரம், ஷட்டரை ஏற்றி இறக்கும்போதெல்லாம் எங்காவது சிக்குகிறதா என்று பார்த்தேன்.

அவர் சுபாவம் அது. எதைப் பார்த்தாலும் அதில் இருக்கிற குறைதான் முதலில் கண்ணில் படும். டீக்கடையில் பெஞ்சைக் குனிந்து பார்த்துவிட்டு, நாலு பேருக்குமேல் உட்கார்ந்தால் வலது கால் போய்விடும் என்று சொல்லிவிட்டு நின்றபடியே டீ குடிப்பார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் வாசல்களை எண்ணுவார். பந்தியில் கதவோரத்து இலைதான் அவருக்கு. அந்த இலையில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அடுத்த பந்திவரை காத்திருப்பார், பாயசம் தீர்ந்துபோனாலும் சரி.

சரக்குக் கப்பலில் இருபது வருஷத்துக்குமேல் ஃபிட்டராக இருந்தவர். வேலை எல்லாம் கீழே எஞ்சின் அறையில். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசை போட்டு வைக்கிற சங்கரன்கோவிலில் இருந்து கடலுக்குப் போன ஒரே ஆள் என்று தெருவில் அவருக்குக் கப்பக்காரர் என்றே பெயர். நான் அண்ணாச்சி என்பேன். சொந்தப் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது அவர் இல்லை. இருந்திருந்தால் நான் எழுதுகிற பெயரிலும் ஒரு பிழை கண்டுபிடித்திருப்பார்.

அன்றைக்கு அவர் கொண்டுவந்தது பத்திரிகை அல்ல. துணிப்பையில் இரண்டு நீளநோட்டுகள். எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, ஆனால் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் கப்பல் படம். ஒவ்வொரு படத்திலும் அ, ஆ, இ என்று எழுத்துப் போட்டு, கீழே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விளக்கம். விக்டோரியா மகாராணி காலத்து இரும்புக்கவசப் போர்க்கப்பல்களைப் பற்றிய புத்தகம் என்றார். ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதைப் பல வருஷம் கப்பலில் வைத்துப் படித்து, தனக்குத் தெரிந்த இரும்பு வேலையையும் சேர்த்துத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கப்பல்களின் பெருமையெல்லாம் வருமா என்று கேட்டேன்.

"பெருமையை எழுத ஆயிரம் பேரு இருக்கான் தாயி. நான் எழுதுதது குறையை மட்டும்" என்றார்.

அப்படியாகக் காதுகுத்துப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் நடுவில் நான் இங்கிலாந்துக் கப்பல்களை அடித்தேன். முதல் அத்தியாயம் கவசம். மரக்கப்பலைக் குண்டு துளைக்கிறது என்று, தேக்குப் பலகைமேல் நாலரை அங்குல இரும்புத் தகட்டை வைத்து அறைந்தார்கள். கப்பல் முழுக்க அறைந்தால் கனம் தாங்காது. அதனால் நடுவில் மட்டும் அறைந்துவிட்டு முன்னும் பின்னும் வெறுமனே விட்டார்கள். சுக்கானைத் திருப்புகிற சாமான் இருந்தது அந்த வெறும் பின்பக்கத்தில். நெஞ்சுக்குக் கவசம் போட்டவன் காலை மறந்துவிட்டான் என்று எழுதியிருந்தார். பிறகு பீரங்கி பெரிதானது, அதற்காகத் தகடு தடித்தது. தகடு தடித்ததும் பீரங்கி இன்னும் பெரிதானது. கடைசியில் தகடு இரண்டடி கனத்துக்குப் போய்விட்டது. எங்கள் கடைச் சுவரே அவ்வளவு கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு ருசி தட்டிவிட்டது. எதிரிக்கப்பலை முட்டுவதற்கென்று முகத்தில் இரும்பு மூக்கு வைத்தார்களாம். அதைக் கொண்டு எதிரியை முட்டியதைவிட, வெள்ளைக்காரர்கள் பயிற்சியில் சொந்தக் கப்பலை முட்டி முழுக வைத்ததுதான் அதிகம். ஒரு கப்பலில் இரண்டு பீரங்கிகளைச் சேர்ந்தாற்போல் சுட்டபோது ஒன்று வெடிக்கவே இல்லை. சத்தத்திலும் புகையிலும் யாருக்கும் அது தெரியவில்லை. அதன் வாயிலேயே இரண்டாவது குண்டையும் திணித்துச் சுட்டார்கள், பீரங்கியே வெடித்துச் சிதறியது. இன்னொரு கப்பலுக்குள் அறைக்கு அறை தடுப்பு வைத்ததில் மாலுமிகளுக்கே வழி தெரியாமல் போனது. அப்புறம் பகுதிக்கு ஒரு நிறம் அடித்து அடையாளம் வைத்தார்கள்.

அவருக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. அதை நான் அடித்து முடித்த பிறகும் கடைக்கு வந்தால் திரும்பச் சொல்வார். ஒரு கப்பல். தலைமேல் உயரமான பாய்மரமும் வேண்டும், கனமான பீரங்கிக் கூண்டும் வேண்டும், உடம்பு தண்ணீரை ஒட்டித் தாழ்ந்தும் இருக்கவேண்டும் என்று ஒருவர் வரைந்தார். வேண்டாம் என்று சொன்னவர்களோடு பத்திரிகையில் சண்டை போட்டு ஜெயித்தார். கட்டும்போதே இரும்பு கூடிக்கூடி, நினைத்ததைவிடத் தாழ்ந்து மிதந்தது. ஒருநாள் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது, கவிழ்ந்துவிட்டது. வரைந்தவரும் அன்று அதற்குள்தான் இருந்தார்.

"அவன் கெட்டவன் இல்ல தாயி. தான் கட்டுனதுமேல அவ்வளவு நம்பிக்கை" என்பார். இந்த இடத்தில் அவர் குரல் இறங்கிவிடும். எல்லோருடைய குறையையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர் இந்த ஆளுக்கு மட்டும் ஏன் இரங்குகிறார் என்று நான் யோசித்தது உண்டு.

அவர் வீட்டுக்குப் போன பிறகு கொஞ்சம் புரிந்தது.

கடையில் இருந்து இரண்டு தெரு தள்ளி, விசைத்தறிக் கொட்டகைகள் நெருக்கியடித்த தெருவின் கடைசி வீடு. காலையில் தறி ஓட ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நிற்காது. அந்தத் தெருவில் பேசுவது என்றால் காதோரம் போய்ப் பேசுவதுதான். திருத்திய பக்கங்களைக் கொடுக்கப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். முதலில் மடக்குக் கிரில் கேட். கேட்டின் இடைவெளி தெரியாமல் உள்பக்கம் தகரம். அதற்குப் பின்னால் இரும்புக்கதவு. அதற்குப் பின்னால் மரக்கதவு. உள்ளே முற்றத்துக்குமேல் கம்பி, கம்பிக்குமேல் தகடு. மாடிப்படி வாயில் ஒரு பூட்டுக்கதவு. கொல்லைவாசலைச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு நிற நூல் கட்டியிருந்தது. பட்டப்பகலில் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

மதினி, அதாவது அவர் மனைவி, சிரித்த முகம். முட்டுவலி, அதோடு இழுப்பு. இடுப்பில் சுருக்குப்பை மாதிரி இன்ஹேலரைச் செருகி வைத்திருப்பார். கழுத்தில் இடது பக்கம் கோடு போட்டதுபோல் ஒரு தழும்பு. அண்ணாச்சி கடலில் இருந்த ஒரு வருஷம், முற்றத்து வழியாக இறங்கிய ஒருத்தன் தாலிச்சங்கிலியைப் பிடித்து இழுத்ததில் வந்தது. மதினி கத்தியிருக்கிறார். தறிச்சத்தத்தில் ஒரு ஈ காக்காய்க்கும் கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்து லீவில் வந்த அண்ணாச்சி அந்தத் தழும்பைப் பார்த்தாராம். மறுநாள் காலையில் கம்பி வாங்கப் போய்விட்டார்.

"மத்தவுக புருஷன் லீவுக்கு வந்தா சேலை, செண்டுனு வாங்கிட்டு வருவாக. இவுக எனக்கு லீவுக்கு ஒரு கதவு செஞ்சாக" என்றார் மதினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வேலையை விட்டு வந்தபிறகு அவரே ஒரு வெல்டிங் மிஷின் வாங்கி வைத்துக்கொண்டார். வெளியே போகும்போது கேட்டை வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டுப் போவார். முட்டுவலிக்காரி எழுந்து வந்து கதவைச் சாத்த வேண்டாம், திரும்பி வரும்போது எழுந்து வந்து திறக்கவும் வேண்டாம் என்கிற அக்கறை. எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. தூங்குகிறவளை எழுப்ப வேண்டாமே என்று வெளியே பூட்டிக்கொண்டு போகிற நல்ல புருஷர்கள். அவர் நல்ல புருஷர்தான். சாயங்காலமானால் அவரே வெந்நீர் வைத்து மதினியின் காலுக்கு ஒத்தடம் கொடுப்பார். அன்பில்லாமல் செய்தால் திட்டிவிடலாம். இவரை எப்படித் திட்டுவது? அதுதான் எனக்கு எரிச்சல்.

மதினி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மாடிக்கதவைத் திறந்து விடுங்கள், நான் கொஞ்ச நேரம் காற்றில் உட்கார்ந்து வத்தல் காயப்போட்டுவிட்டு வருகிறேன். அவர் மறுக்கவில்லை. படியில் பிடிமானம் சரியில்லை, அதை முதலில் செய்துவிடுகிறேன் என்றார். பிடிமானம் செய்தார். பிறகு மாடிக் கைப்பிடிச்சுவர் உயரம் போதாது என்றார். அதைச் செய்ய இன்னும் நாள் வரவில்லை.

ஒன்பதாவது அத்தியாயம் காற்று. அதை அடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடல் கொஞ்சம் குமுறினாலும் அந்தத் தாழ்ந்த கப்பல்களின் மேல்தளத்தில் தண்ணீர் ஏறிவிடும். அதனால் மேலே இருக்கிற வாய்களை எல்லாம் மூடுவார்கள். மூடினால் கீழே காற்று கிடையாது. பகலிலும் விளக்கு. கரி அள்ளிப் போடுகிறவன் மயங்கி விழுவான். பீரங்கிக்கு இவ்வளவு, தகட்டுக்கு இவ்வளவு, கரிக்கு இவ்வளவு என்று எடை பார்த்து வரைந்தவர்கள், உள்ளே இருக்கிற மனுஷனுக்கு மூச்சுவிட எவ்வளவு வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. அப்படியே எழுதியிருந்தார். விசைப்பலகையில் கை நின்றுவிட்டது. ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து மதினி இழுத்து இழுத்து மூச்சு விடுவதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

சாயங்காலம் அவர் வந்ததும் மனசில் பட்டதைச் சொல்லியே விட்டேன். "அண்ணாச்சி, உங்க வீடும் இப்படித்தானே இருக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வீடு மிதக்கணும்னு அவசியம் இல்லலா தாயி?" என்றார்.

பதில் அவ்வளவு நறுக்கென்று வந்ததா, நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இரண்டு டீ சொன்னார். அதற்குமேல் நான் பேசவில்லை. எழுத்துப்பிழை மட்டும் திருத்திக் கொடுத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஆடித்தபசு முடிந்த வாரம். திருவிழாவுக்கு நிறுத்திய வேலையைப் பிடிக்கத் தறிகள் பேய் பிடித்ததுபோல் ஓடிக்கொண்டிருந்தன. பதிமூன்றாவது அத்தியாயத்தின் நகலைக் கொடுக்க முற்பகலில் போனேன். பத்து நிமிஷ வேலைதானே என்று செல்போனைக் கடையிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தேன். மதினிக்குச் செல்போன் கிடையாது. அண்ணாச்சி கிளம்பிக்கொண்டிருந்தார். அவரோடு கப்பலில் வேலை பார்த்த பாய் ஒருவர் கடையநல்லூரில் இருந்தார். இங்கிலீஷில் புரியாத இடங்களை அவரிடம்தான் போய்க் கேட்பார். அரை நிமிஷம் நகலைப் புரட்டிவிட்டு, மதினியிடம் வாசித்துக் காட்டிக்கொண்டிரு, பிழை இருந்தால் அவளே சொல்வாள், மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்றார். நான் உள்ளே போனேன். பின்னால் கேட் இழுபடுகிற சத்தம் கேட்டது. வழக்கமான சத்தம்தானே என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதினிக்கு வாசிக்கக் கேட்பது பிடிக்கும். அந்த அத்தியாயத்தில், முட்டுப்பட்டு முழுகிய ஒரு கப்பலின் எஞ்சின் அறை வந்தது. மேலேயிருந்து ஏறிவரச் சொல்லி ஆணை வரவில்லை. வராததால் கீழே இருந்தவர்கள் தங்கள் இடத்தைவிட்டு அசையவில்லை. கப்பலோடு போய்விட்டார்கள். இதை வாசித்தபோது மதினி, ஆணை யாரைக் கேட்கணும் என்று ஒரு மாதிரியாகச் சிரித்தார். அப்போதுதான் ரப்பர் கருகுகிற வாடை வந்தது.

முன்னறையில் இன்வெர்ட்டர். அதற்குப் பக்கத்தில் அண்ணாச்சி அடுக்கி வைத்திருந்த பழைய பேப்பர்க்கட்டுகள். நாங்கள் எட்டிப் பார்த்தபோது வயர் பொசுங்கிக் கட்டின்மேல் விழுந்து தீ ஏறியிருந்தது. புகை கறுப்பாக வந்தது. தண்ணீர் ஊற்றப் போன என் கையை மதினி தட்டிவிட்டார், கரண்ட் இருக்கு என்று. வாசலுக்குப் போக அந்த அறையைத் தாண்டவேண்டும். தாண்டினாலும் கேட் பூட்டியிருக்கிறது. இன்னொரு சாவி எங்கே என்று கேட்டேன்.

"பீரோவுல" என்றார் மதினி. "பீரோ சாவி அவுக கொத்துல."

முன்னறைக் கதவை இழுத்துச் சாத்தினோம். கதவுக்குக் கீழே புகை வழிந்தது. முற்றத்துக்கு ஓடினேன். மேலே தகடு. புகை அதுவரை போய் முட்டிவிட்டுத் திரும்ப எங்கள்மேலேயே இறங்கியது. மாடிக்கதவை உதைத்தேன். அதன் சாவி பச்சை நூல் என்று எனக்குத் தெரியும், அந்தப் பச்சை நூல் இந்நேரம் கடையநல்லூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும். எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துக் கம்பியில் அடித்தேன். கத்தினேன். என் தொண்டைக்குள் இருந்து வந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடியது, இந்தப் பக்கம் தறி ஓடியது. அவ்வளவு ஆட்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்தார்கள். செத்தால்கூடத் தறி நின்ற பிறகுதான் தெரியும் என்று நினைத்தேன். அழுதேன். ஒளிப்பானேன், தரையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

மதினி என் தோளைப் பிடித்து எழுப்பினார். மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. ஆனால் முகத்தில் பதற்றமே இல்லை. அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தி, ஈரத்துண்டை அடியில் திணித்தார். ஜன்னல் விளிம்பில் வரிசையாக நின்ற டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். மல்லி, வத்தல், பருப்பு. அவ்வளவு நிதானமாக. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. பிறகு மூன்றாவது கம்பியைப் பிடித்து ஆட்டினார். கம்பி ஆடியது. நான்காவதும் ஆடியது.

அம்மிக்குழவியை எடு என்றார். எடுத்து அடியில் அடிக்கப் போனேன். "அடியில அது எப்பமோ விட்டாச்சு. மேல அடி" என்றார். அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது, உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. மூன்றாவது கம்பி விழுந்தது. நான்காவது வளைந்து ஒதுங்கியது. நீங்கள் முதலில் போங்கள் என்றேன். நான் விழுந்தால் பிடிக்கக் கீழே ஆள் வேண்டாமா, நீ போய் நில் என்றார். என் இடுப்பு பாதியில் சிக்கிக்கொண்டது. அந்த நேரத்திலும் மதினி, பரோட்டாவைக் குறைக்கச் சொன்னால் கேட்கிறாயா என்று சொல்லி ஒரே தள்ளாகத் தள்ளினார்.

பின்பக்கம் ஒரு குறுகலான முடுக்கு. கருவேல முள்ளும் தறிக்கொட்டகையில் இருந்து வீசிய நூல் கழிவும் கிடந்தன. மதினியை இறக்கி, செங்கல் குவியல்மேல் உட்காரவைத்தேன். இடுப்பில் இருந்து இன்ஹேலரை எடுத்து இழுத்தார். அண்ணாந்து பார்த்தார். தறிகள் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். அந்த ஜன்னலை அண்ணாச்சி செய்தது ஒரு லீவின் கடைசி நாளில். மறுநாள் கிளம்பவேண்டிய அவசரம். கடைசி இரண்டு கம்பிக்கும் அடியில் பொட்டு வைத்ததுபோல் வெல்டிங் ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடித்துவிட்டார், அப்புறம் மறந்துவிட்டார். ஒருநாள் துடைக்கும்போது பெயிண்ட் விரிசல் விட்டிருந்ததை மதினி பார்த்திருக்கிறார்.

"அன்னையில இருந்து தினமும் சோத்துக்கு ஒலை வச்சுட்டு ஆட்டுவேன். பதினோரு வருசமாச்சு. அவுக பாத்தா ஒட்டிருவாகன்னுதான் டப்பாவ வச்சு மறைச்சேன்" என்றார்.

எங்கே போவதற்காக மதினி என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, ஆடுதா என்று பார்ப்பதற்குத்தான் என்றார்.

திடீரென்று தறிகள் நின்றன. முன்பக்கப் புகையைப் பார்த்து யாரோ மெயினை அணைத்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் பகலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஆட்கள் ஓடுகிற சத்தம், கேட்டைக் கடப்பாரையால் நெம்புகிற சத்தம். கேட் அசைந்துகூடக் கொடுக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். அதற்கு நடுவில் சாவிக்கொத்துச் சத்தம்; பஸ் வராமல் ஸ்டாண்டிலேயே நின்ற அண்ணாச்சிக்கு யாரோ போன் போட்டிருக்கிறார்கள். பிறகு மணல் கொட்டுகிற சத்தம், உள்ளே இருந்து அண்ணாச்சியின் குரல். "ஏளா... ஏளா..." என்று மதினியைக் கூப்பிட்டுக்கொண்டு அறை அறையாகப் போனார். இருமினார். மறுபடி கூப்பிட்டார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மதினி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"கொஞ்ச நேரம் தேடட்டும்" என்றார்.

அந்தப் பிடியை என்னால் மறக்க முடியவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, பிடி மட்டும் தளரவில்லை. முற்றத்தில் அண்ணாச்சியின் குரல் உடைந்தது. பெரிய மனுஷன் அப்படி ஓலமிட்டு நான் கேட்டதில்லை. அதற்குமேல் மதினிக்கும் தாங்கவில்லை, இங்கன இருக்கேன் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். தறி நின்றிருந்ததால் கேட்டது.

அடுப்படி ஜன்னலில் அண்ணாச்சியின் முகம் தெரிந்தது. கரி பூசியிருந்தது. எங்களைப் பார்த்தார். பிறகு, அவர் சுபாவம் போகுமா, கம்பி நின்ற இடத்தைப் பார்த்தார். விரலை வைத்துத் தடவினார். "அன்னைக்கு வெல்டிங் ராடு தீர்ந்துபோச்சு" என்றார். அப்புறம் அந்தக் கம்பிச் சந்தில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

திருந்திவிட்டார் என்று நினைத்தால், அதுதான் இல்லை. மறுநாள் காலையில் நான் மதினியைப் பார்க்கப் போனபோது வெல்டிங் மிஷின் அடுப்படி வாசலில் நின்றது. புதுக் கம்பி இரண்டு. புது ராடு ஒரு பெட்டி. முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி நின்றிருந்தார். மதினி ஜன்னல் மேடைமேல் ஏறி, அந்தச் சந்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முட்டுவலியோடு எப்படி ஏறினாரோ தெரியவில்லை.

"ஒட்டணும்னா ஒட்டுங்க. நான் இங்கனதான் இருப்பேன்" என்றார். நிமிரவே இல்லை.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஏதாவது சொல் என்று கேட்பதுபோல் இருந்தது. முன்பு ஒருதரம் சிரித்துத் தொலைத்தவள் நான், இந்தத் தரம் சிரிக்கவில்லை. மதினியோடு சேர்ந்து காய் நறுக்க உட்கார்ந்தேன். அண்ணாச்சி ரொம்ப நேரம் நின்றார். பிறகு முகமூடியை மிஷின்மேல் வைத்துவிட்டு முன்னறையைக் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அவர் கடைப்பக்கம் வரவில்லை. நோட்டுகள் தீயில் போய்விட்டன, என் கம்ப்யூட்டரில் பதிமூன்று அத்தியாயமும் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லப் போகலாமா என்று இருந்தபோது ஒருநாள் வந்தார். ஷட்டரைப் பார்க்கவில்லை. பின்சுவரைத் தட்டவில்லை. முதன்முறையாக உட்கார்ந்தார். சட்டைப்பையில் இருந்து ஒரே ஒரு தாளை எடுத்து, கடைசி அத்தியாயம் என்று நீட்டினார்.

அதே எறும்பு எழுத்து. அதே பென்சில் படம். கப்பல் இல்லை, அவர் வீடு. மேலிருந்து பார்ப்பதுபோல் அறை அறையாக வரைந்து, கப்பலுக்குப் போடுவதுபோலவே அ, ஆ, இ என்று எழுத்துப் போட்டிருந்தார். அ, வாசல் ஒன்று. ஆ, சாவி ஒருவர் கையில். இ, முற்றத்தில் தகடு, புகைக்குப் போக்கு இல்லை. ஈ, மாடிக்கதவு. அப்படியே ஔ வரைக்கும். கடைசி விளக்கத்தில், உள்ளே இருப்பவரைக் கேட்காமல் கட்டப்பட்டது என்று எழுதியிருந்தார். நான் தாளை இரண்டு தரம் பார்த்தேன். மாடிக்கதவு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். திறந்துதான் கிடக்கிறது, மேலே மோர்மிளகாய் காய்கிறது என்றார். கேட் சாவியில் ஒன்று மதினியின் இடுப்பில் இன்ஹேலரோடு தொங்குகிறதாம்.

படத்தில் ஒரு இடம் எனக்கு உறுத்தியது. அடுப்படி ஜன்னலை ஒவ்வொரு கம்பியாக, அந்தச் சந்தையும்கூடச் சரியாக வரைந்திருந்தார். ஆனால் அதற்கு எழுத்து இல்லை. எல்லாவற்றிலும் குறை பார்க்கிறவர் இதை விட்டுவிட்டாரே என்று இருந்தது.

"அண்ணாச்சி, அடுப்படி ஜன்னலுக்கு எழுத்துப் போடலியே?" என்றேன்.

"அது குறை இல்ல தாயி" என்றார். தாளை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "அந்த வீட்டுல அவ கட்டுனது அது ஒண்ணுதான்."